நீல டேப்

மார்ச் 18, திங்கள்

பேட்டரி ஏஜென்சிக்காரர் வருடா வருடம் தரும் டைரி இது. ஒன்பது டைரிகள் அலமாரியில் அட்டை கூட விரியாமல் கிடக்கின்றன. பத்தாவதை இன்று பிரித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, கடையில் பேச ஆள் இல்லை. மதியம் சாப்பிட்ட பிறகு என் கூட்டாளி இருதயமும் நானும் அரை மணி நேரம் வம்பளப்போம். இப்போது அந்த அரை மணி நேரம் நகரவே மாட்டேன் என்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு எவனும் வந்து மாற்றிப் பேசக் கூடாது.

பழங்காநத்தத்தில் ‘தாரகை கார் ஆடியோ’ என்னுடைய கடை. காரில் ஆம்ப்ளிஃபையரும் சப்ஊஃபரும் மாட்டுவது தொழில். இருதயராஜும் நானும் சேர்ந்து பத்தொன்பது வருடம். பெயர்ப்பலகை என்னுடையது, வேலை இரண்டு பேருக்கும் சரிபாதி. யார் முடித்த வயர் என்று பின்னால் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஆளுக்கொரு நிற டேப் வைத்திருந்தோம். பேட்டரி முனையில் வயரை முடித்ததும் அவன் நீல டேப் சுற்றுவான், நான் மஞ்சள் சுற்றுவேன். கையெழுத்துப் போடுகிற மாதிரிதான். கல்லாவுக்குப் பின்னால் இரண்டு ஆணி, இரண்டு ரோல். நீல ரோல் இன்னும் அங்கேயே தொங்குகிறது.

ஜனவரி 11 அன்று பொங்கல் அவசரத்தில் இரண்டு வண்டிகள் வந்தன. கதிரேசன் என்பவருடைய வெள்ளை வண்டி ஒன்று, பேங்க் மேனேஜர் தமயந்தி மேடத்தின் சாம்பல் வண்டி ஒன்று. வெள்ளை இருதயத்துக்கு, சாம்பல் எனக்கு. வேலை நோட்டில் அன்று காலை நானே எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மார்ச் 2ஆம் தேதி திருமங்கலம் போகிற வழியில் வெள்ளை வண்டி தீப்பிடித்தது. கதிரேசன், அவர் மனைவி, ஏழு வயது மகள் யாழினி, மூன்று பேரும் உள்ளே. பின் சீட்டில் இருந்த பிள்ளையை இழுத்துப் போட்டதில் அவருக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. வண்டி எலும்புக்கூடு.

பேட்டரியிலிருந்து தடிமனான வயர் ஒன்று, என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டைத் துளைத்து உள்ளே வர வேண்டும். அந்தத் துளையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அதில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, அதற்குள்தான் வயரை விட வேண்டும். வளையம் இல்லாவிட்டால் வண்டி குலுங்கக் குலுங்க வயரின் தோல் அறுந்து, செம்பு தகட்டைத் தொடும். அப்போது காப்பாற்றுவதற்குத்தான் பியூஸ். அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இந்த வண்டியில் வளையமும் இல்லை, பியூஸும் டிக்கியில், ஆம்ப் பக்கத்தில் இருந்ததாம். தீயணைப்புக்காரர்கள் எடுத்துக் காட்டினார்கள். இருதயம் பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவை கூட பியூஸை டிக்கியில் வைத்ததில்லை. அன்று ஏன் வைத்தானோ.

மார்ச் 4ஆம் தேதி கதிரேசன் கைக்கட்டோடு மூன்று சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். தெருவே கூடிவிட்டது. நான் வேலை நோட்டைப் பிரித்துக் காட்டினேன். “நல்லாப் பாருங்க, யார் பேர் போட்டிருக்குன்னு.” இருதயம் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கதிரேசனிடம் திரும்பி, “ஆமாண்ணே, நான்தான்” என்றான். கதிரேசன் இடது கையால் அவனை அறைந்தார். “இனிமே இந்தக் கடைப்படி ஏறாத” என்று நானும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அவனே ஒப்புக்கொண்டான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 20, புதன்

கடையில் மாட்டிக் கிடந்த என் காக்கிச் சட்டையை மனைவி வேணி துவைக்க எடுத்துப் போனாள். “பொங்கலுக்கு முன்னாடி போட்டது, அப்பிடியே கெடக்கு. கறையைப் பாருங்க, மாடு கூட முகராது” என்று திட்டிக்கொண்டே பையைத் துழாவினாள். ஒரு ஸ்க்ரூ, டீக்கடை டோக்கன், ஒரு ரப்பர் வளையம்.

“இது என்னங்க?”

“சாமான். எங்கயோ கெடந்து வந்திருக்கும்.”

வளையத்தைக் கடைக்குக் கொண்டுவந்து இழுப்பறையில் போட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

வேலை குறைவு. வயர் கழன்று ஆம்ப் எழும்பாத பழைய வண்டி ஒன்று. போன ஆகஸ்டில் நாங்கள் செய்தது. சரி செய்து கொடுத்தேன். பியூஸ் டிக்கியில் இருந்தது, முன்னால் மாற்றி வைத்தேன். டேப் மஞ்சள்தான். அந்த ஆள் பானெட்டுக்குள் எதுவும் தெரியக் கூடாது, அழகாக இருக்கட்டும் என்று அடம்பிடித்ததாக ஞாபகம். அது வேறு விஷயம்.

மார்ச் 27, புதன்

காளவாசலில் ஒரு கடைக்காரர் போன் செய்தார். இருதயம் வேலை கேட்டுப் போயிருக்கிறான். “ஆளு எப்பிடி சந்தனம்? ஒங்ககிட்டதான இருந்தாரு?” என்றார்.

“என்னத்தச் சொல்ல. வண்டிக்கு நெருப்பு வச்ச ஆளு. பாத்துக்கங்க” என்றேன். பொய் சொல்ல முடியுமா? நாளைக்கு அங்கே ஒன்று ஆகிவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள்.

இதோடு மூன்றாவது போன்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். வருடா வருடம் இருதயம் வீட்டிலிருந்து பத்து மணிக்குள் பிரியாணித் தூக்கு வந்துவிடும். அவன் மனைவி எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கி எனக்கென்று தனியாக வைப்பாள். இன்று வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. வேணி இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள்.

ஏப்ரல் 3, புதன்

வில்லாபுரம் பக்கம் ஒரு துட்டி வீடு. காலையில் அந்த வழியாகப் போனேன். ஏணி மேல் நின்று மைக் செட் குழாயைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தது இருதயம். கீழே ஒருவன், “யோவ், இன்னும் எம்புட்டு நேரம்யா கட்டுவ? பொணம் எந்திரிச்சுப் போயிரும்” என்று கத்துகிறான். நான்கு ஸ்பீக்கரில் எதற்குப் பிளஸ் மைனஸ் மாறி இணைந்திருக்கிறது என்று காதை வைத்தே சொல்கிறவன் அவன். அவனைப் போய் இப்படிக் கத்துகிறார்கள்.

அவன் கீழே பார்த்தான். என்னைப் பார்த்தானா, தெரியவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டேன். பெட்ரோல் போட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

தமயந்தி மேடம் போன் செய்தார். “சந்தனகுமார், வண்டியில பாட்டுக்கு அடியில ஒரு சத்தம் கேக்குது. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா அதுவும் கூடவே ஏறுது. கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி இருக்கு” என்றார். புதன்கிழமை கொண்டுவரச் சொன்னேன்.

நான் செய்த வண்டியில் சத்தமா? எரிச்சலாக வந்தது. இரண்டு நாளும் அதே யோசனை.

ஏப்ரல் 10, புதன்

காலை பத்தரைக்கு மேடம் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் பேங்குக்குப் போனார். “இது நான் கைப்படச் செஞ்ச வண்டி மேடம், சாயங்காலம் சுத்தமா எடுத்துக்கங்க” என்று பெருமை வேறு பேசி அனுப்பினேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். ‘ஙொய்’ என்று சத்தம். மிதிக்க மிதிக்க ஏறியது. இந்த மாதிரி சத்தம் வந்தால் எர்த்தைப் பார்க்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் சிக்னல் வயரைப் பிடுங்கிப் பார்த்தேன், சத்தம் நின்றது. மறுபடி சொருகினேன், வந்தது. அப்படியானால் ஆம்ப் நல்லதுதான். மீட்டரை எடுத்து ஆம்பின் எர்த்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே வைத்தேன். முள் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் ஆடியது.

டிக்கி விரிப்பைத் தூக்கினேன். எர்த் போல்ட்டுக்கு அடியில் தலைமுடி மாதிரி இன்னொரு வயர். ரிவர்ஸ் கேமரா. எங்கோ வேறு கடையில் பிப்ரவரியில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டியவன் போல்ட்டைக் கழற்றி, தன் வயரை நுழைத்து, பாதி இறுக்கி விட்டுப் போயிருக்கிறான். கேமரா எர்த்தை வேறு இடத்துக்கு மாற்றினேன். தகட்டைச் சுரண்டி, பழைய போல்ட்டை ஓங்கி இறுக்கினேன். ஸ்டார்ட். மிதித்தேன். சத்தம் இல்லை. பாட்டு மட்டும் கேட்டது.

அப்பாடா, என் வேலையில் குற்றம் இல்லை என்று இருந்தது. அத்தோடு வண்டியை மூடிச் சாவியை மாட்டியிருக்கலாம். பழக்க தோஷம், பேட்டரி முனையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுவோம் என்று பானெட்டைத் தூக்கினேன்.

பியூஸ் பேட்டரியிலிருந்து சரியாக ஒரு சாண். வயர் தகட்டுக்குள் போகிற இடத்தில் ரப்பர் வளையம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பேட்டரி முனையில் சுற்றியிருந்த டேப் நீலம்.

முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல வேலையைப் பார்த்தால் வருகிற ஒரு சந்தோஷம்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் நீலம் என்பது மண்டையில் ஏறியது.

மஞ்சள் தீர்ந்துபோய் நான் அவன் டேப்பை எடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். வயர் முனையைப் பார்த்தேன். முனையை இறுக்க நான் பிளையரால் இரண்டு அழுத்து அழுத்தி விட்டுவிடுவேன், அவன் மூன்று அழுத்துவான். மூன்று அழுத்து இருந்தது. கடைக்குள் போய் வேலை நோட்டை எடுத்து வந்து வண்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘சாம்பல் - சந்தனம்.’ என் கையெழுத்துதான். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் எழுதியது. அதற்குப் பிறகு யாரும் திருத்தவில்லை.

இந்த வண்டியை அவன் செய்திருக்கிறான் என்றால் அந்த வண்டியைச் செய்தது யார்? கடையில் வேறு யார் இருந்தார்கள்?

மேடம் சாயங்காலம் வந்து, “அருமை சந்தனகுமார், ஒங்க கைக்கு மோதிரம் போடணும்” என்றார். சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11, வியாழன்

கடை திறக்கவில்லை. வேணியிடம் நெஞ்சு சரியில்லை என்றேன். பொய் இல்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் வாயால் சொல்ல வரும்.

டிசம்பரில் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் மூன்று மாதம் கனம் தூக்காதே, குனிந்து வேலை செய்யாதே என்றார். நான் ஒரே மாதத்தில் கடைக்கு வந்துவிட்டேன். ஜனவரி 11 அன்று நோட்டில் வேலை பிரித்து எழுதி முடித்த கொஞ்ச நேரத்தில் இருதயம் வந்தான்.

“மாப்ள, சாம்பல் வண்டியில பின் சீட்டைக் கழட்டணும், சப் பொட்டி வேற ரெண்டு ஆளு கனம். நீ வெள்ளையப் பாரு. நான் அதப் பாத்துக்கிறேன்.”

“நோட்டுல எழுதிட்டனேடா.”

“நோட்டு கெடக்கு. நெஞ்சு முக்கியமா, நோட்டு முக்கியமா?”

வெள்ளை வண்டியை நான்தான் செய்தேன். வளையத்தைக் கையில் எடுத்தேன், துளை சின்னதாக இருந்தது, உள்ளே போகவில்லை. துளையைப் பெரிதாக்க டிரில்லோடு குனிந்து கால் மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டு தடவை குனிந்ததிலேயே மூச்சு வாங்கியது. கதிரேசன் வேறு, “அண்ணே, பொங்கச் சீரு கொண்டு போகணும், மாமியா வீட்ல காத்துக்கிட்டு இருக்காங்க” என்று நொடிக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். வளையத்தைச் சட்டைப் பையில் போட்டேன். துளைக்குப் பக்கத்தில் வயரைச் சுற்றி மஞ்சள் டேப்பை மூன்று சுற்று சுற்றினேன். பொங்கல் முடிந்து வரச் சொல்லி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பானெட்டுக்குள் இன்னொரு தடவை குனிய முடியாமல் பியூஸை டிக்கியில் வைத்தேன். போன ஆகஸ்டிலும் அப்படித்தான் வைத்தேன். அப்போது ஸ்டென்ட் கூட இல்லை, சோம்பேறித்தனம்தான். அழகாக இருக்கட்டும் என்று அந்த வண்டிக்காரர் கேட்கவே இல்லை.

கதிரேசனைப் பிறகு கூப்பிடவில்லை. மறந்துவிட்டேன்.

வண்டி கிளம்பும்போது சாம்பல் வண்டிக்கு அடியிலிருந்து இருதயம் தலையை நீட்டிக் கேட்டான். “மாப்ள, ரப்பர் போட்டியா?”

“போட்டேன்” என்றேன்.

பத்து நிமிடம் இந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை மறக்கவில்லை. மார்ச் 4 அன்று நோட்டைப் பிரித்தபோது கூட இது எங்கோ உள்ளே கிடந்தது. நோட்டில் அவன் பெயர் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். சட்டையை ஒருவன் பிடித்திருந்தான், பயமாக இருந்தது. பயம் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று பேர் போன் செய்து கேட்டபோது மூன்று பேரிடமும் அவனை நெருப்பு வைத்தவன் என்றேன். அயோக்கியன் நான்.

வேணியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“அன்னைக்கு அந்த அண்ணன் அடி வாங்கிட்டு நேரா நம்ம வீட்டுக்கு வந்துச்சு. ஒங்களுக்குச் சொல்லல நான்” என்றாள். “‘தங்கச்சி, அவனுக்கு மாத்திரை நேரத்துக்குக் குடு, பதட்டமா இருக்கான்’னு சொல்லிட்டுப் போச்சு. கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்துச்சு.”

பிறகு அவள் அழுதாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 15, திங்கள்

காலை எட்டு மணிக்கு ஜெய்ஹிந்துபுரத்தில் இருதயம் இப்போது வேலை பார்க்கும் மைக் செட் கடைக்குப் போனேன். திருவிழா நெருங்கியதால் வயர்க் கட்டுகள் தெரு வரைக்கும் குவிந்து கிடந்தன. இருதயம் கீழே உட்கார்ந்து சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து ரப்பர் வளையத்தை எடுத்து வைத்தேன்.

அவன் அதைத் தொடவில்லை. “சட்டைப் பையிலயா?” என்று கேட்டான்.

“ஆமாடா.”

“ம்.”

“ஒனக்கு அன்னைக்கே தெரியுமாடா?”

“ரெண்டு வண்டி, ரெண்டு ஆளு. இதுல தெரியிறதுக்கு என்ன இருக்கு மாப்ள?”

“அப்பறம் ஏன்டா நான்தான்ன?”

அவன் சிக்கெடுப்பதை நிறுத்தவில்லை. “அவரோட மூணு பேரு வந்திருந்தாய்ங்க. ஒஞ் சட்டையப் பிடிச்சப்ப ஒனக்கு ஒதடு வெளிறிப்போச்சு. ஒரு அறை விட்டா ஆளு அங்கனயே போயிருவன்னு பட்டுச்சு. சரி, அடிய நாம வாங்கிக்குவோம், சூடு ஆறட்டும், நாளைக்கு அவனே சொல்லிருவான்னு நெனச்சேன். மறுநா வெயிட் பண்ணேன். அதுக்கு மறுநாளும் வெயிட் பண்ணேன். இன்னையோட நாப்பத்திரெண்டு நாளாச்சு.”

எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

“மன்னிச்சிருடா” என்றேன். “கடைக்கு வாடா. இன்னைக்கே வா.”

“அடி வாங்குனது ஒண்ணும் இல்ல மாப்ள. கடைய விட்டுப் போகச் சொன்னியே, அதக்கூடத் தாங்கிக்கிட்டேன். காளவாசல்காரரு எம் மூஞ்சிக்கு நேராச் சொன்னாரு. ‘சந்தனமே ஒன்ன நெருப்பு வச்சவன்னு சொல்றாரேய்யா’ன்னு. எம் மகளும் கூட இருந்தா. பைக்ல திரும்பி வர்றப்ப கேக்குறா, நெசமாவாப்பான்னு. என்ன சொல்லச் சொல்ற?”

நான் தலையைத் தூக்கவில்லை.

“தப்பு எனக்கும் உண்டு” என்றான். “ரப்பர் போட்டியான்னு கேட்டேன். போட்டேன்ன. நம்பிட்டேன். எந்திரிச்சு வந்து ஒரு வெரல வச்சுப் பாத்திருந்தா அந்தப் பிள்ளை நெருப்பப் பாத்திருக்காது, அவரு கை தப்பிச்சிருக்கும்.”

“நான் என்ன செய்யணும் சொல்லுடா, செய்றேன்.”

“அன்னைக்குத் தெருவுல எத்தன பேரு நின்னாய்ங்களோ, அத்தன பேருக்கும் முன்னாடி சொல்லு. அந்தக் கதிரேசனையும் வரச் சொல்லிச் சொல்லு. நான் வரல. நான் நின்னா நீ எம் மூஞ்சியப் பாத்து அழுவ. அவிங்க மூஞ்சியப் பாத்துப் பேசு.”

வளையத்தை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்தான்.

ஏப்ரல் 17, புதன்

மூன்று கடைக்காரர்களுக்கும் போன் செய்தேன். தவறு என்னுடையது, இருதயத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் வைத்துவிட்டார். காளவாசல்காரர் மட்டும், “யோவ், நீயெல்லாம் மனுசனாய்யா?” என்றார்.

கதிரேசனிடம், சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்கு வர முடியுமா, அந்தத் தீ விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். வருகிறேன் என்றார்.

ஏப்ரல் 20, சனி

கதிரேசன் மகளோடு பஸ்ஸில் வந்தார். பிள்ளை இன்னும் எந்தக் காரிலும் ஏறுவதில்லையாம். கடை முன்னால் நின்ற வண்டிகளை விட்டு விலகி, ரோட்டோரமாகவே நின்றது. அவர் கைக்கட்டு போய்விட்டது. தோல் சுருங்கி வேறு நிறமாக இருந்தது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை.

பக்கத்துக் கடை ஜாபர் பாய் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தார். “பாய், மிஷினக் கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்றேன். சன் பிலிம் ஒட்டுகிறவர்கள், ஏசி கடைக்காரர், டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். என்னவோ ஏதோ என்று வந்தார்கள். வேலை நோட்டைக் கையில் வைத்திருந்தேன், அன்றைக்குக் காட்டிய அதே பக்கம்.

“இவரு வண்டிய நான்தான் செஞ்சேன்” என்றேன். “இருதயம் செய்யல. காலைல எழுதுன பேரு, அப்பறம் மாத்திக்கிட்டோம், நோட்டுல திருத்தல. ரப்பர் வளையத்தப் போடாம விட்டது நான். பியூஸப் பின்னாடி வச்சது நான். அவன் போட்டியான்னு கேட்டான், போட்டேன்னு பொய் சொன்னதும் நான். ஒங்க எல்லார் முன்னாடியும் அவன் மேல பழியப் போட்டேன். அவன் எனக்காக அடி வாங்குனான்.”

ஜாபர் பாய், “யா அல்லா” என்றார்.

கதிரேசன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப நான் அடிச்சது?” என்றார்.

“அது எனக்கு விழ வேண்டியதுங்க.”

அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை ரோட்டோரத்திலிருந்து மெதுவாக வந்து அவர் பக்கத்தில் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“இந்த மாமாதான் நெருப்பு வச்சதாப்பா?”

“ஆமாம்மா” என்றார் கதிரேசன்.

பிள்ளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அது அப்பாவின் வெந்த கையைப் பிடித்துக்கொண்டது.

அவர் எழுந்தார். ஜாபர் பாயிடம், “அந்த இருதயம் வீடு எங்க இருக்கு, தெரியுமா பாய்?” என்று கேட்டார். பாய் தையலை அப்படியே போட்டுவிட்டு அவர்களோடு நடந்து போனார்.

நோட்டில் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். தேதியும் போட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

வேலை இல்லை. அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டம் இன்னும் ஊரை விட்டுக் கலையவில்லை. மைக் செட் சத்தம் எல்லாப் பக்கமும் சுத்தமாகக் கேட்கிறது. எது அவன் கட்டியதோ. புக் பண்ணியிருந்த இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரிதான்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஒரு வண்டி வந்தது. புது ஆள், வெளியூர், விஷயம் தெரியாதவர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இருபது நிமிடம் யோசித்தார். “இம்புட்டும் சொல்ற ஆளு இனிமே ஒழுங்காத்தான் செய்வீங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். துளையைப் பெரிதாக்கினேன். மூச்சு வாங்கியது, உட்கார்ந்து உட்கார்ந்து செய்தேன். வளையத்தைப் போட்டேன், அந்தப் பழைய வளையத்தை அல்ல, புதிது. ஒரு சாணில் பியூஸ். மஞ்சள் டேப்.

பன்னிரண்டு மணிக்கு இருதயம் வந்தான். படியில் ஏறாமல் நின்றான். நான்தான் ஏறாதே என்றேன், நான்தான் ஏறச் சொல்ல வேண்டும். “வாடா” என்றேன். வந்தான்.

“கதிரேசன் வீட்டுக்கு வந்திருந்தாரு” என்றான். “எங் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. எம் மக பாத்துக்கிட்டே இருந்தா.”

“சரிடா.”

“காளவாசல்ல கூப்பிட்டுட்டாய்ங்க. வியாழக்கிழமைல இருந்து.”

இங்கே வந்துவிடு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. அவனும் அதற்குள் கல்லாவுக்குப் பின்னால் போய், ஆணியிலிருந்து நீல ரோலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“மாத்திரை சாப்பிடுறியா?”

“சாப்பிடுறேன்.”

“வர்றேன் மாப்ள.”

வெளியே போனவன், பானெட் திறந்து நின்ற அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். ரப்பர் போட்டியா என்று என்னைக் கேட்கவில்லை. உள்ளே குனிந்து, தகட்டில் வயர் நுழைகிற இடத்தில் ஒரு விரலை வைத்துச் சுற்றிலும் தடவிப் பார்த்தான். வளையம் இருந்தது. விரலில் பட்ட கிரீஸை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்து போனான்.